பசங்களுக்கு ஆடு மாடு பாடம் எடுக்கும்போது நாம பண்ற தப்புகள்

தாராபுரம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளில பிளஸ் ஒன், பிளஸ் டூ வேளாண் அறிவியல் பிரிவுக்குப் பாடம் எடுக்கறேன். இந்த வருஷம் புதுசா சேர்ந்த ஒரு ஆசிரியத் தம்பி "கால்நடைப் பாடத்த எப்படிண்ணே ஆரம்பிக்கறது"ன்னு கேட்டாப்ல. எப்படி ஆரம்பிக்கணும்னு சொல்றத விட நான் எங்கெங்க சொதப்பினேன்னு சொல்றது ஈஸி, அதான் இது.

மொதல் சொதப்பல் மொத வாரமே. "காங்கேயம் மாடு சாம்பல் நிறம்"னு போர்டுல எழுதிட்டு திரும்பறேன், பின்னாடி பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு "ஏனுங்க சார், எங்க கன்னு செவப்பால்ல பொறந்துச்சு"ங்குது. நான் புத்தகத்துல இருக்கறத எழுதும்மான்னு உக்கார வெச்சுட்டேன். சாயந்திரம் விசாரிச்சா அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. காங்கேயம் கன்னு செவப்பாத்தான் பொறக்கும், ஆறு மாசம் ஆகறதுக்குள்ள சாம்பலுக்கு மாறிடும். காளையா வளந்தா திமிலும் கழுத்தும் கருக்கும், காயடிச்சுட்டா அந்தக் கருப்பு வெளுத்துடும். இதுல ஒரு முழு ஹார்மோன் பாடமே இருக்கு பாருங்க. விந்தகத்த எடுத்தா எதுக்கு நிறம் மாறணும்னு கேட்டிருந்தா அன்னிக்கே கிளாஸ் பத்திக்கிட்டிருக்கும், நான்தான் அந்தப் பொண்ண உக்கார வெச்சுட்டேனே. நம்ம பசங்க கட்டுத்தரைலயே வளந்தவங்க, "என்ன நடக்குது"ங்கறது அவங்களுக்குத் தெரியும், "ஏன்"ங்கறதுக்குத்தான் நாம தேவை. இத மறந்துட்டு ஜெர்சி, ஹோல்ஸ்டீன்னு பட்டியல்ல ஆரம்பிச்சா பாதி கிளாஸ் தூங்கிரும்.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு தப்பு இருக்கு, ஊர்ல சொல்ற எல்லாத்தையும் மூடநம்பிக்கைன்னு சிரிச்சுத் தள்றது. சீம்பால் விஷயத்துல நான் இப்படித்தான் பண்ணேன். நஞ்சுக்கொடி விழுந்த பொறவுதான் கன்னுக்கு ஊட்ட விடணும்னு இன்னும் நெறைய வீட்ல சொல்றாங்க. நான் கிண்டல் பண்ணேன், பசங்களும் சிரிச்சாங்க, வீட்ல போயி பாட்டி சொன்னதத்தான் செஞ்சாங்க. அடுத்த வருஷம் கிண்டல விட்டுட்டு கணக்கா சொன்னேன். மனுசக் கொழந்தைக்கு நோய் எதிர்ப்புப் பொருள் வயித்துல இருக்கும்போதே அம்மாகிட்ட இருந்து வந்துரும், மாட்டோட நஞ்சுக்கொடி வழியா அது போகாது, கன்னு வெறுங்கையோடதான் பொறக்குது. சீம்பால்ல இருக்கறத குடல் அப்படியே உறிஞ்சுற வழி பொறந்த ஒடனே நல்லாத் தொறந்திருக்கும், மணிக்கு மணி சுருங்கி 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட மூடிரும். 25 கிலோ கன்னுன்னா ரெண்டரை லிட்டர் சீம்பால் மொத சில மணி நேரத்துலயே உள்ள போயாகணும். நஞ்சுக்கொடி விழவே எட்டு, பன்னெண்டு மணி நேரம் ஆகலாம், அது வரைக்கும் காத்திருந்தா என்ன ஆகும்னு அவங்களையே கேட்டேன். கன்னு முட்டி முட்டிக் குடிச்சா சொரக்கிற ஆக்சிடோசின்ங்கற ஹார்மோன் கர்ப்பப்பையையும் சுருக்கி நஞ்சுக்கொடி விழவே ஒத்தாசை பண்ணும்னு சொன்னதும் ஒரு பையன் "அப்ப பாட்டிக்கும் இது புடிக்குமே சார்"ன்னான். அவ்ளோதான், வீட்ல போயி பேச அவனுக்கு ஒரு வாக்கியம் கெடச்சிருச்சு.

அடுத்தது அந்த நாலு அறை வயிறு. படம் வரைஞ்சு பாகம் குறிக்கச் சொல்லி மார்க் போட்டு முடிச்சுடறோம், பெரிய தப்பு அது. கறிக்கடைல சொல்லி வெச்சு முழு ஆட்டுப் போட்டி, அதாவது இரைப்பை, ஒண்ணு வாங்கிட்டு வாங்க, ரொம்ப சுரண்டிக் கழுவாம தரச் சொல்லுங்க. மொத அறை டர்க்கி டவல் மாதிரி இருக்கும், ரெண்டாவது தேன்கூடு, மூணாவது புத்தகத் தாள் மாதிரி மடிப்பு மடிப்பா, நாலாவது வழவழன்னு. அந்த நாலாவதுலதான் நம்ம வயித்துல மாதிரி அமிலம் சொரக்குது, மத்த மூணும் அதுக்கு முன்னாடி இருக்கற ஏற்பாடு, அதுலயும் மொத அறை ஒரு புளிக்க வெக்கற தொட்டி. தீனிய செரிக்கறது மாடு இல்ல, அதுக்குள்ள இருக்கற கோடிக்கணக்கான நுண்ணுயிர், மாடு அதுங்களுக்கு சோறு போடுது. இது புரிஞ்சா மாட்டுப் பொங்கலுக்கு பொங்கல அள்ளி அள்ளி ஊட்டுனா மாடு ஏன் படுத்துக்குதுன்னு தானாப் புரியும். சோளத் தட்டும் புல்லும் மெதுவாப் புளிக்கும், வெந்த அரிசி மாவுச்சத்து தடதடன்னு புளிச்சு லாக்டிக் அமிலமாக் கொட்டும், ஆறுக்கு மேல இருக்க வேண்டிய பிஹெச் (கொறையக் கொறைய அமிலம் கூடுதுன்னு அர்த்தம்) அஞ்சு பக்கம் எறங்குனா உள்ள இருக்கற நல்ல கிருமி செத்து, அசை போடறது நின்னு, மாடும் போயிரலாம். கல்யாண வீட்டு மிச்ச சோறும் இதே கதைதான். பாசத்துல ஒரு உருண்டை குடுங்க, அண்டாவோட வெக்காதீங்க.

தண்ணில மொதக்கற தீவனச் செடி அசோலா பத்தியும் கொஞ்சம் வாய் விட்டுச் சொல்லிடறேன். ஒரு தொட்டி கட்டி பச்சையா மொதக்க விட்டு போட்டோ எடுத்து ப்ராஜெக்ட்னு வெச்சுக்கறோம், "25 சதவீதம் புரதம், புண்ணாக்கே வேண்டாம்"னு பசங்களும் எழுதறாங்க. அந்த 25 காய வெச்ச அசோலாவுக்கு. தொட்டில இருந்து எடுக்கற ஒரு கிலோவுல தண்ணிய நீக்கினா சுமார் 60 கிராம்தான் மிஞ்சும், அதுல புரதம் ஒரு 15 கிராம். கடலைப் புண்ணாக்கு ஒரு கிலோவுல 400 கிராம் கிட்ட இருக்கு. பத்து லிட்டர் கறக்கற மாடு பால்ல மட்டுமே 300 கிராமுக்கு மேல புரதத்த வெளிய அனுப்புது. அசோலா கெட்டதுன்னு சொல்லல, கூடச் சேத்துக்கலாம், ஆனா உலர் பொருள்ங்கற கணக்க சொல்லித் தராம தீவனப் பாடம் நடத்துனா அது விளம்பரம்.

கணக்குன்னதும், டேப் இல்லாம கொட்டாய்க்குப் போறதும் தப்புதான். நெஞ்சுச் சுத்தளவு அங்குலத்துல அளந்து, அத அதாலயே பெருக்கி, உடம்பு நீளத்தால பெருக்கி 300ஆல வகுத்தா எடை பவுண்டுல வரும். 28 அங்குலம் சுத்து, 26 நீளம்னா 68 பவுண்டு, ஏறக்குறைய 31 கிலோ ஆடு. குடற்புழு மருந்து எடைக்குத்தான் அளவு, கண் மதிப்புல கம்மியா ஊத்தி ஊத்தித்தான் புழு மருந்துக்கே மசியாமப் போகுது. சந்தைல துண்டுக்கு அடியில வெரலப் புடிச்சு வெலை பேசறவங்ககிட்டயும் பசங்க ஏமாறாம இருப்பாங்க, அது போனஸ்.

பாதுகாப்பப் பாடத்தோட கடைசிக்குத் தள்றதத்தான் நான் மன்னிக்கவே மாட்டேன். வாயில நுரை ஒழுக, முழுங்க முடியாம நிக்கற மாட்டப் பாத்தா நம்ம ஆளுங்க தொண்டைல ஏதோ மாட்டிருச்சுன்னு கைய உள்ள விட்டுருவாங்க. அது வெறிநோயா இருக்கலாம். வெறிநோய் அறிகுறி வந்த பொறவு மனுசனுக்கு மருந்து கெடையாது, அதனால கை விடாத, டாக்டரக் கூப்பிடு, எச்சில் பட்டிருந்தா சோப்புப் போட்டு ஓடற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுன்னு மொத வாரமே சொல்லிருங்க. கன்னு வீசுன, அதாவது கரு கலைஞ்ச, மாட்டோட கழிவையும் வெறுங்கையால தொடக் கூடாது, புரூசெல்லோசிஸ்ங்கற நோய் ஒட்டிக்கும், காய்ச்சல் வந்து வந்து போகும்.

அப்பறம் இனப்பெருக்கப் பாடம். வெக்கப்பட்டு "வீட்ல படிச்சுக்கங்க"ன்னு தாவிடறவங்க நெறைய பேரு, நானும் ரெண்டு வருஷம் தாவினேன். ஒரு மாட்டோட சினைப் பருவத்தத் தவற விட்டா அடுத்தது வர்ற வரைக்கும் 21 நாள் தீவனம் தண்டம், இதுல என்ன வெக்கம். பருவத்துக்கு வந்த மாடு காலைல கத்துனா சாயந்திரம் சினை ஊசி, சாயந்திரம் கத்துனா மறுநாள் காலைல, இதுதான் விதி, ஏன்னா பருவம் முடிஞ்சு பல மணி நேரம் கழிச்சுத்தான் கருமுட்டை வெளிய வருது. இத நான் பையன்களப் பாத்தே நடத்திட்டு இருந்தேன், கறக்கறதும் கவனிக்கறதும் பெரும்பாலும் பொண்ணுங்கதான்னு லேட்டாத்தான் உறைச்சுது. அந்த செவப்புக் கன்னு பொண்ணு வீட்டு டெய்லி காலண்டர்ல இப்பல்லாம் 21 தாள் தள்ளி சின்னதா ஒரு வட்டம் இருக்கும், மாட்டாஸ்பத்திரி போன் நம்பரும் அதுலயே எழுதிருக்கும்.