நூலகத்துக்குப் போகும் முன் பிள்ளையிடம் ஒரு கேள்வி இருக்க வேண்டும்

சிங்கப்பூரில் தொடக்கநிலை மூன்றில் படிக்கும் என் மகளுக்குப் பறவைகளைப் பற்றித் தகவல் திரட்டும் வேலை வந்தது. சனிக்கிழமை நேராக நூலகத்துக்குக் கூட்டிப் போய், பறவைப் புத்தகங்கள் இருக்கும் 598ஆம் எண் அலமாரி முன்னால் நிறுத்தி, "எடுத்துப் பார்" என்றேன். பதினைந்து நிமிடம் படம் பார்த்துவிட்டு "போகலாமா அம்மா?" என்றாள். தலைப்பு இருந்தது, கேள்வி இல்லை. அடுத்த முறை இப்படிச் செய்தோம்.

படி 1. இரண்டு மூன்று நாளைக்கு நூலகத்தை மறந்துவிடுங்கள். வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் புளோக்கில் விடியும் முன்பே குயில் கூவித் தூக்கத்தைக் கெடுக்கும். மாலையில் கீழே இறங்கித் தேடினோம். கறுப்பாக, கண் சிவப்பாக ஆண் குயில் மரத்தில் இருந்தது. பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண்ணும் குயில்தான் என்றதும் அவள் நம்பவே இல்லை.

படி 2. பதிலைச் சொல்லாதீர்கள். நான் சறுக்கியது இங்கேதான். குயிலுக்குக் கூடு எங்கே என்று கேட்டாள். பாட்டி சொன்ன கதையெல்லாம் எனக்குத் தெரியுமே, காகத்தின் கூட்டில் முட்டையிடும், காகமே வளர்க்கும் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். "ஓ" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். அதோடு முடிந்தது. மறுநாள் காகக் கூடு ஒன்றைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தவள், "தன் முட்டை எது என்று காகத்துக்குத் தெரியாதா?" என்றாள். அந்த வாக்கியத்தை அவள் கையாலேயே எழுத வைத்தேன். கோடு போடாத சின்ன நோட்டும் பென்சிலும் போதும். கைப்பேசி வேண்டவே வேண்டாம், ஒரு நொடியில் பதில் வந்துவிட்டால் தேடும் ஆசையும் போய்விடும்.

படி 3. இனி நூலகம். 'பறவை' என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழும். கேள்வியில் இருக்கும் சொற்களையே போடுங்கள்: குயில், காகம், முட்டை. ஆங்கிலப் புத்தகம் என்றால் 'கோயல்' மட்டும் போதாது, குயில் 'குக்கூ' குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் அதையும் தேட வேண்டும். புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். கிடைக்காவிட்டால் நூலகரிடம் பிள்ளையே போய்க் கேட்கட்டும், நீங்கள் நாலடி தள்ளி நில்லுங்கள். என் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள், ஆனாலும் கேட்டுவிட்டாள்.

பிற்சேர்க்கை: பின்னூட்டத்தில் ஓர் அப்பா, மகன் ஒரே நாளில் இருபது கேள்வி கேட்கிறான், எதை எடுப்பது என்று கேட்டிருந்தார். ஓர் எண்ணைச் சொன்னால் முடிந்துபோகிற கேள்வியை விட்டுவிடுங்கள். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நீர்நாயைப் பார்த்தவன் "எத்தனை கிலோ?" என்றால் ஒரு வரியோடு சரி, "ஏன் எப்போதும் குடும்பமாகவே திரிகின்றன?" என்றால் இரண்டு மூன்று புத்தகமாவது புரட்ட வேண்டியிருக்கும்.

இன்னொருவர், தன் பெண்ணுக்கு விலங்கு, பறவை எதுவுமே பிடிக்காது என்றார். தாத்தாவின் பழைய படம் ஒன்றை மேசையில் வைத்துப் பாருங்கள். படத்தில் இருக்கும் இடம் இப்போது எங்கே என்று அவள் கேட்டால், தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் அந்தக் காலத்துச் செய்தித்தாள்களைச் சேர்ந்து தேடலாம்.

ஆமாம், காகத்துக்கு என்ன ஆயிற்று? குயில் முட்டை காக முட்டையின் நிறத்திலேயே இருக்கும், கொஞ்சம் சின்னது. குஞ்சும் பெரும்பாலும் முந்திப் பொரித்துவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி, "அப்போ காகக் குஞ்சுக்குச் சாப்பாடு?" என்று அடுத்ததை எழுதி வைத்திருக்கிறாள்.