பழைய சோர்ஸை பில்ட் செய்யும்போது வார்னிங்கே எரராகி நின்றால்

பர்கூர், செட்டிக்கரை கல்லூரி லேபிலோ ஒசூர் ஆலை ஒன்றின் டெஸ்டிங் பிரிவிலோ, 2016 வாக்கில் வெளிவந்த சி சோர்ஸை இன்றைய உபுண்டு லினக்ஸில் பில்ட் செய்தால் (கம்பைல் செய்து ஓடும் நிரலாக்கினால்) பாதியில் நிற்பது சகஜம். நின்றதும் கடைசி வரியைப் படித்துக் குழம்ப வேண்டாம். பல ஜாப் ஒன்றாக ஓடினால் செய்திகள் கலந்துவிடும். பில்ட்டை நடத்தும் கருவியான 'மேக்'கை ஒரே ஜாபில் மறுபடி ஓட்டி, 'எரர்' முதலில் வரும் வரியைப் பிடியுங்கள். அதன் முடிவில் சதுர அடைப்புக்குள் '-டபிள்யூஎரர்=' என்று தொடங்கி ஒரு வார்னிங்கின் பெயர் இருந்தால், வார்னிங்கை எரராக எடுத்துக்கொள்ளும்படி சோர்ஸை எழுதியவர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். (டபிள்யூ கேப்பிட்டல், மற்றவை சின்ன எழுத்து.)

அவர்கள் காலத்து ஜிசிசி கம்பைலரில் அது சுத்தமாகத்தான் ஓடியது. 2017-இல் வந்த ஜிசிசி 7, 'ஃபார்மாட்-ட்ரங்கேஷன்' (எழுத்துச்சரம் இடம் போதாமல் வெட்டுப்படுமா என்ற) சோதனையை, பல வார்னிங்குகளை ஒன்றாக இயக்கும் '-டபிள்யூஆல்'-இல் சேர்த்தது. 2018-இல் வந்த ஜிசிசி 8, அதேபோல 'ஸ்ட்ரிங்ஆப்-ட்ரங்கேஷன்' சோதனையைச் சேர்த்தது. சோர்ஸில் ஒரு வரியும் மாறாமலே பில்ட் உடைவது இதனால்தான்.

முதலில், சிஸ்டத்தைச் சோதித்து மேக்ஃபைலை எழுதும் 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்ட்டின் ஹெல்ப்பைப் பாருங்கள். பின்யூட்டில்ஸ், ஜிடிபி, கியூஎமு ஆகிய மூன்றின் சோர்ஸிலும் '--டிசேபிள்-டபிள்யூஎரர்' (இங்கே டபிள்யூவும் சின்ன எழுத்து) உண்டு. அதோடு வேலை முடிந்தது. கான்ஃபிகருக்குப் பதிலாகச் சில ப்ராஜெக்ட்டுகள் வைத்திருக்கும் சிமேக் கருவியில், 3.24 முதல் இதற்கென்று தனி ஸ்விட்ச் இருக்கிறது. ஆனால் '-டபிள்யூஎரர்' ஃப்ளாகை (கம்பைலருக்குக் கொடுக்கும் கட்டளைச் சொல்லை) கையால் எழுதிய பழைய ப்ராஜெக்ட்டில் அது பலிக்காது.

ஸ்விட்ச் இல்லையென்றால், குறித்த பெயரோடு '-டபிள்யூநோ-எரர்=' ஃப்ளாகைக் கொடுங்கள். பெயர் சொல்லாமல் பொதுவாக '-டபிள்யூநோ-எரர்' என்று கொடுத்தால், மேக்ஃபைலின் ஃப்ளாக் அதற்குப் பின்னால் வரும்போது தோற்றுப்போகும். மேக்ஃபைலில் இருப்பது பெயரில்லாத '-டபிள்யூஎரர்' என்றால், பெயரோடு கொடுத்தது எந்த இடத்தில் இருந்தாலும் நிற்கும். அதனால் கம்பைலர் ஃப்ளாக்குகளை வைத்திருக்கும் 'சிஃப்ளாக்ஸ்' மாறியைத் தொடவே தேவையில்லை: கான்ஃபிகர் செய்யும்போதே 'சிசி' மாறிக்கு, கம்பைலர் பெயரையும் இந்த ஃப்ளாகையும் மேற்கோளுக்குள் சேர்த்துக் கொடுத்துவிடலாம். மேக் கட்டளையில் 'சிஃப்ளாக்ஸ்' கொடுத்தால் மேக்ஃபைலில் இருக்கும் மதிப்பு முழுவதும் அழியும். ஆப்டிமைசேஷன், இன்க்லூட் பாதை எல்லாம் போய், புதிதாக வேறு எரர்கள் கிளம்பும்.

நீங்களே கண்டிப்பாக பில்ட் செய்ய நினைத்து, கான்ஃபிகர் நேரத்தில் '-டபிள்யூஎரர்' போடவும் கூடாது. கான்ஃபிகர் எழுதிப் பார்க்கும் குட்டி நிரல்களிலேயே வார்னிங் இருக்கும். அவை தோற்றால் 'இந்த ஃபங்ஷன் சிஸ்டத்தில் இல்லை' என்று தப்பாக முடிவெடுத்துவிடும். மேக் கட்டத்தில்தான் போட வேண்டும்.

வார்னிங் எல்லாவற்றையும் '-டபிள்யூ' (சின்ன எழுத்து) போட்டு ஊமையாக்குவது மோசமான வழி. 'ஃபார்மாட்-ட்ரங்கேஷன்' பெரும்பாலும் தொல்லை தராது. 'யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ' (விடுவித்த மெமரியை மறுபடி தொடுவது) வந்தால் அந்த வரியைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும். 'இம்ப்ளிசிட்-ஃபங்ஷன்-டிக்லரேஷன்' இன்னும் ஆபத்து. ஹெட்டர் (ஃபங்ஷனை முன்கூட்டி அறிவிக்கும் ஃபைல்) இல்லாமல் அழைத்த ஃபங்ஷன் 'இன்ட்' தருவதாக கம்பைலர் எடுத்துக்கொள்ளும். அது உண்மையில் தருவது பாய்ன்டர் என்றால், 64 பிட் லினக்ஸில் 8 பைட்டில் 4 வெட்டுப்படும். பில்ட் ஒழுங்காக முடியும், ஓடும்போது செக்மென்டேஷன் ஃபால்ட் வரும். 2024-இல் வந்த ஜிசிசி 14 இதைத் தானாகவே எரராக்கிவிட்டது. '-எஃப்பெர்மிசிவ்' போட்டுத் தாண்டலாம். ஆனால் விட்டுப்போன ஹெட்டரைச் சேர்ப்பது ஒரு வரி வேலைதானே.

'மல்டிபிள் டெஃபினிஷன்' என்று லிங்க்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் கருவி) சொன்னால் அது வார்னிங் விவகாரமே அல்ல. ஒரே குளோபல் மாறி பல ஃபைலில் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும் இயல்பு நிலையை 2020-இல் ஜிசிசி 10 மாற்றியதன் விளைவு. '-எஃப்காமன்' சேர்த்தால் போகும்.

இவ்வளவுக்கும் மசியாத சோர்ஸுக்குப் பழைய கம்பைலரையே கொடுத்துவிடலாம். உபுண்டு 22.04-இல் ஜிசிசி 9 தனிப் பேக்கேஜாகவே கிடைக்கிறது. பென்னாகரம் பக்கம் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி வேலை செய்பவருக்கு, முழு கன்டெய்னர் இமேஜை இறக்குவதை விட இது மேல். கம்பைலரை மாற்றியதும் 'மேக் டிஸ்ட்க்ளீன்' கொடுத்து, கான்ஃபிகரை முதலிலிருந்து ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பழைய மேக்ஃபைல் முந்தைய கம்பைலரையே அழைத்துக்கொண்டிருக்கும்.