ஏற்காட்டுக்கு ட்ரோன் எடுத்துப் போகும் முன் போட வேண்டிய உயரக் கணக்கு

250 கிராமுக்குக் குறைவான சின்ன ட்ரோன் வாங்கியாகிவிட்டது, சார்ஜ் ஏறிவிட்டது, செயலியும் போனில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். முதல் பத்து பேட்டரி சார்ஜைச் சேலத்துச் சமவெளியிலேயே பழகித் தீர்த்துவிடுங்கள். ஏற்காடு அப்புறம். மேலே போனால் திரையில் காட்டும் உயர எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இடம் பார்ப்பது

ஒவ்வொரு முறையும் ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தைத் திறந்து, நிற்கும் இடம் பச்சையா என்று பாருங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சைப் பகுதியில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை தனி அனுமதி வேண்டாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை அது 200 அடியாகக் குறையும். 8 கி.மீ.க்குள் முன் அனுமதி இல்லாமல் மேலே ஏற்றவே கூடாது. நம் ஊர் விமான நிலையம் காமலாபுரத்தில் இருப்பதால் ஓமலூர்ப் பக்கத்து மைதானங்கள் பழகுவதற்கு ஆகாது. அறுவடை முடிந்த வயலோ வற்றிக் கிடக்கும் ஏரியோ நல்லது. இந்த எடைக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை.

ஏற்றுவதற்கு முன்

ப்ரொப்பெல்லரில் இரண்டு வகை உண்டு. குறியிட்டது குறியிட்ட மோட்டாருக்குத்தான். மாற்றிப் போட்டால் கிளம்பும்போதே கவிழும்.

காம்பஸ் சரிசெய்யச் சொல்லி செயலி கேட்டால் மொட்டை மாடியில் செய்யாதீர்கள். தளத்துக்குள் இருக்கும் கம்பி காம்பஸை ஏமாற்றும். கார், இரும்பு கேட், போர்வெல் குழாய் எல்லாம் அப்படித்தான். கஞ்சமலை அடிவாரத்தில் காந்த இரும்புத்தாது உள்ள பாறைகளே இருப்பதால், அங்கே எச்சரிக்கை வந்தால் இடத்தை மாற்றுங்கள். தவறான இடத்தில் சரிசெய்த ட்ரோன், ஒரே இடத்தில் நிற்க வேண்டியது, மெல்ல வட்டமடிக்கத் தொடங்கும். வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். அப்போது ட்ரோனைத் தானாகத் திரும்ப வரவைக்கும் 'ரிட்டர்ன் டு ஹோம்' பொத்தானைத் தொடாதீர்கள், அதுவும் அதே காம்பஸை நம்பித்தான் திரும்பும். ஸ்டிக்கைப் பிடித்து நீங்களே இறக்குங்கள்.

திரும்பி வர வேண்டிய இடமான 'ஹோம் பாயின்ட்' பதிவானது என்று செயலி சொல்லும்வரை கிளம்ப வேண்டாம். அவசரப்பட்டு ஏற்றினால், ஜி.பி.எஸ். கிடைத்த நொடியில் ட்ரோன் எங்கே இருக்கிறதோ அதையே வீடு என்று குறித்துக்கொள்ளும்.

இறக்குவதற்கென்று தனி பேட் வாங்குவது வீண் செலவு. கார் ரப்பர் மிதியடி போதும். காற்றில் தூக்காது, புழுதியும் மோட்டாருக்குள் போகாது. அந்தப் பணத்தில் இன்னொரு ஜோடி ப்ரொப்பெல்லர் வாங்குங்கள்.

பழகுவது

இரண்டு மீட்டர் உயரத்தில் நிறுத்திப் பழகுங்கள், பிறகு சதுரமாக ஓட்டிப் பழகுங்கள். ட்ரோனின் மூக்கு உங்களைப் பார்த்துத் திரும்பியதும் இடமும் வலமும் மாறிவிடும். விரல் யோசிக்காமல் திரும்பும்வரை இதை மட்டுமே செய்யலாம்.

மலையில்

திரையில் காட்டும் உயரம் நீங்கள் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடுவது. ட்ரோனுக்கு நேர் கீழே இருக்கும் தரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சமவெளியில் இரண்டும் ஒன்றாக இருப்பதால் வித்தியாசம் தெரியாது.

ஏற்காட்டில் ஒரு சரிவின் அடியில் நின்று கிளப்புகிறீர்கள் என்று வையுங்கள். தானாகத் திரும்பும்போது ட்ரோன் பறக்கும் 'ரிட்டர்ன்' உயரம் 30 மீட்டர். சரிவைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் தாழ இறங்கிய ட்ரோன் சிக்னலை இழக்கிறது. அது 30 மீட்டர் உயரத்தில் நேர்கோட்டில் திரும்பும். நடுவில் இருக்கும் மேடு 40 மீட்டர், அதன்மேல் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் 25 மீட்டர். போய் முட்டும். விலை குறைந்த மாடல்களில் தடையைக் கண்டறியும் முன்பக்க சென்சாரே கிடையாது; இருந்தாலும் மெல்லிய கிளையும் மின்கம்பியும் அதன் கண்ணில் படாது.

கணக்கு இதுதான்: பறக்கும் வட்டத்துக்குள் மிக உயர்ந்த மேட்டை வரைபடத்தில் பார்த்து, கிளம்பும் இடத்தின் உயரத்தைக் கழியுங்கள். மரத்துக்கு 25, கூடுதல் பாதுகாப்புக்கு 20 சேருங்கள். மேலே சொன்ன சரிவுக்கு 85 மீட்டர் வரும். அதையே செயலியில் 'ரிட்டர்ன்' உயரமாகப் போடுங்கள். கூட்டினால் 120-ஐத் தாண்டுகிற இடமென்றால், வேறு இடத்திலிருந்து கிளம்புங்கள்.

விளிம்பில் இதுவே தலைகீழ். ஏற்காட்டு விளிம்பில் உள்ள லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து சேலத்துப் பக்கமாக நேரே வெளியே விட்டால் திரை 20 மீட்டர் என்றே காட்டும். கீழே பள்ளமோ நூற்றுக்கணக்கான மீட்டர். தரையிலிருந்து 120 என்ற சட்ட வரம்பை அந்தக் கணமே மீறிவிட்டீர்கள். விளிம்பை ஒட்டியே ஓட்டுங்கள். சரிவைத் தொடர்ந்து கீழே இறக்கினால் திரும்பி ஏறப் பேட்டரி அதிகம் குடிக்கும். 50 சதவீதத்திலேயே திருப்புங்கள்.

மூடுபனி இறங்கினால் உடனே இறக்குங்கள். ஈரம் மோட்டாருக்கு ஆகாது, சென்சார் உள்ள மாடல் பனியையே சுவராக எண்ணி நின்றுவிடும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி வேண்டும், எஸ்டேட் என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள்.

பின்சேர்க்கை

வாசகர்கள் கேட்ட இரண்டு விஷயங்கள். பருந்து துரத்தினால் கீழே இறக்காதீர்கள், நேரே மேலே ஏற்றுங்கள். அந்த வேகத்தில் செங்குத்தாக ஏறுவது பருந்துக்குக் கடினம். அது விலகியதும் இறக்கிவிடுங்கள்.

இன்னொன்று உப்பிய பேட்டரி. சேலத்துக் கோடையில் பூட்டிய காருக்குள் விட்டாலும், பறந்து சூடாக வந்ததை அப்படியே சார்ஜில் போட்டாலும் உப்பும். கையில் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகே ஏற்றுங்கள். வாரக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் முழுதும் ஏற்றாமல் பாதி அளவில் வையுங்கள். ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருந்தாலும் அந்தப் பேட்டரியை மறுபடி ட்ரோனில் மாட்ட வேண்டாம்.