மிலாறிலிருந்து கரி: இரண்டு பரல் முறை

கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்த மலையில் பொறுக்கும் மிலாறை (வெட்டுப்பட்ட தேயிலைக் குச்சியை) அப்படியே அடுப்பில் வைத்தால் வீடெல்லாம் புகைதான். அந்தப் புகையையே எரியவிட்டு, மிச்சத்தைக் கரியாக எடுக்கலாம். காற்றுப் படாமல் 400, 500 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் குச்சி எரியாமல் வாயு, தார், கரி என்று பிரியும். வெப்பச் சிதைவு என்பது இதுதான்.

பெருவிரல் பருமனான குச்சி மட்டும் போதும். இலையையும் சிறு கொப்பையும் மலையிலேயே விடுங்கள், மண்ணுக்கு அது வேண்டும். நிழலுக்கும் வேலிக்கும் நடும் கிளிசரிடியா மரத்தின் கொப்பும் நன்றாக வரும்.

இதில் என்னை அதிகம் மல்லுக்கட்ட வைத்தது காயவைப்பதுதான். இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா பக்கம் மே மாதம் பிறந்தால் மழையும் மூடுபனியும் விடாது, மேலே காய்ந்த மாதிரி தெரியும் குச்சி உள்ளே ஈரமாகவே இருக்கும், அந்தத் தண்ணீர் ஆவியாகி முடியும்வரை சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது, அதற்குள் பரலைச் சுற்றி எரிக்கும் விறகெல்லாம் தீர்ந்துபோய் பாதி வெந்த பழுப்புக் குச்சிதான் கைக்கு வரும். அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலிலேயே சேர்த்து, கூரைக்கடியில் காற்றோட்டமாக அடுக்குங்கள். பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு ஜூலை, ஆகஸ்டும் உதவும். ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் காயட்டும்.

சரி, பரலுக்கு வருவோம். 200 லீற்றர் பரலின் (இரும்புப் பீப்பாயின்) அடிப்பக்கத்தில் சுற்றிலும் காற்றுத் துளை போடுங்கள். உள்ளே வைக்க மூடி உள்ள சின்னப் பரல் ஒன்று. துத்தநாகம் பூசியதோ மருந்து வந்ததோ வேண்டவே வேண்டாம், பழைய எண்ணெய்ப் பரலைச் சுட்டுச் சுத்தமாக்கியதுதான் என் தேர்வு. சின்னதின் அடியில் பென்சில் பருமனில் ஐந்தாறு துளை கட்டாயம், இல்லாவிட்டால் வாயு அடைத்து வெடிக்கும். குச்சியை நெருக்கி அடுக்கி, மூடியை இறுக்கி, பெரிய பரலுக்குள் கல் மேல் தூக்கி வையுங்கள். இடைவெளியெல்லாம் விறகு போட்டு மேலிருந்து பற்றவையுங்கள்.

முதலில் வரும் வெள்ளைப் புகை நீராவி. அப்புறம் கண்ணை எரிக்கும் மஞ்சள் புகை, அதுதான் வாயு. சின்னப் பரலின் அடித்துளைகளில் அது தீப்பிடித்ததும் புகை குறைந்து, குச்சியின் வாயுவே குச்சியைச் சுடும். அந்தத் தீ தானாக அணைந்தால் வேலை முடிந்தது. உடனே அடித்துளைகளைக் களிமண்ணால் அடைத்து மறுநாள்வரை விடுங்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் கரி முழுவதும் சாம்பலாகும்.

லயத்து இஸ்தோப்பில் (தோட்டக் குடியிருப்பின் முன் திண்ணையில்) இதைச் செய்யவே கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, ஆளைக் கொல்லும்.

காய்ந்த குச்சியின் எடையில் ஏறக்குறைய கால்வாசி கரியாகக் கிடைக்கும். தூளை மரவள்ளிக் கூழில் பிசைந்து உருட்டிக் காயவைத்தால் வெளி அடுப்புக்கு எரிபொருள். தோட்டத்துக்கென்றால் சாணியுரத்தோடு சில வாரம் கலந்து வைத்துப் போடுங்கள். வெறும் கரி முதலில் சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

பிற்சேர்க்கை: தேயிலைக்குப் போடலாமா என்று கேட்கிறார்கள். தேயிலை கேட்பது pH அளவில் 4.5 முதல் 5.5 வரையிலான புளிப்பு மண், கரியும் அதிலுள்ள சாம்பலும் புளிப்பைக் குறைக்கும். லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்) பாத்திக்குப் போடுங்கள், தேயிலையை விட்டுவிடுங்கள்.