கணக்கை அழிக்கும் முன் அவிழ்க்க வேண்டிய முடிச்சுகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ் எடுப்பதும் ஆன்லைன் விண்ணப்பங்களை நிரப்பித் தருவதுமாக ஒரு சிறு கடையை நடத்தி வருகிறேன். மின் கட்டணம் கட்டவும் கல்லூரி விண்ணப்பம் போடவும் வருகிறவர்களுக்கு நடுவே, வாரத்துக்கு ஒருவராவது செல்போனை நீட்டிக்கொண்டு, "இன்னாண்ணா, ஃபேஸ்புக் ஆப்பைத் தூக்கி ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் என் போட்டோ தெரியுதுன்றாங்களே?" என்று கேட்டு வந்து நிற்கிறார். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால் ஈ.பி. இணைப்பு தானாகத் துண்டிக்கப்படுவதில்லை. அதுபோலவே, செயலியைப் போனிலிருந்து நீக்கினால் போனில் இடம் மிச்சமாகுமே தவிர, நிறுவனத்தின் கணினியில் இருக்கும் கணக்கில் ஓர் எழுத்துகூட அழியாது.

கணக்கை விட்டு விலகுவதற்கு ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இரண்டு வழிகள் உள்ளன. டீஆக்டிவேட் என்பது தற்காலிக முடக்கம். அதைச் செய்தால் உங்கள் பக்கம் மற்றவர் கண்ணுக்கு மறைந்துவிடும், ஆனால் படங்களும் பதிவுகளும் அப்படியே காத்திருக்கும், நீங்கள் மறுபடி உள்ளே நுழைந்த கணமே எல்லாம் உயிர் பெற்றுவிடும். ஃபேஸ்புக்கை முடக்கினாலும் மெசஞ்சரைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்பதால், முடக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு மெசஞ்சரில் பச்சைப் புள்ளியோடு உட்கார்ந்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டிலீட் என்பதுதான் நிரந்தர நீக்கம். அதிலும் முதல் 30 நாட்கள் மனம் மாறுவதற்கான அவகாசமாக விடப்படுகின்றன. அந்த அவகாசம் முடிந்தபின் தரவுகள் முழுவதும் அழிய, கோரிக்கை கொடுத்த நாளிலிருந்து 90 நாட்கள் வரை ஆகலாம் என்று நிறுவனமே சொல்கிறது.

டிலீட் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பொத்தானைக் கடைசியாகத் தேடுவதே நல்லது. ஒரு கணக்கைப் பத்தாண்டுகள் வைத்திருந்தவர், தமக்கே நினைவில்லாத எத்தனையோ இடங்களில் அதைக் கொண்டு முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். அந்த முடிச்சுகளை அவிழ்க்காமல் கணக்கை அழித்தால் என்ன ஆகும் என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், எம்.சி. ரோட்டில் நைட்டி வியாபாரம் செய்யும் என் மாமா மகனுக்காக ஒரு பேஜ் தொடங்கிக் கொடுத்து, அதற்கு நான் ஒருவனே அட்மினாக இருந்தேன். பிறகு ஏதோ ஒரு சலிப்பில் என் சொந்தக் கணக்கை அழித்தபோது அந்தப் பேஜின் நினைவே எனக்கு வரவில்லை. நாற்பதாவது நாள் அவன் போன் செய்து, "மச்சான், கடைப் பேஜ் காணோம்" என்றபோது அவகாசம் கடந்துவிட்டிருந்தது. ஒரே அட்மினின் கணக்கு அழிந்தால் பேஜும் சேர்ந்தே அழியும் என்ற எச்சரிக்கை டிலீட் செய்யும் வழியிலேயே வந்திருக்க வேண்டும், நான்தான் படிக்காமல் தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன். மூன்று வருடமாக வாடிக்கையாளர்கள் எழுதிய கருத்துகளும் சரக்குப் படங்களும் அதோடு போயின. பொங்கல் வரை அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆகவே முதல் வேலையாக, நீங்கள் அட்மினாக இருக்கும் பேஜ்களையும் குழுக்களையும் பாருங்கள். கடை, கால்பந்து அணி, தெருச் சங்கம், பள்ளித் தோழர்கள் குழு என்று எது இருந்தாலும், நம்பிக்கையான இன்னொருவருக்கு முழு அதிகாரம் கொடுத்து, அவர் அதை ஏற்றுக்கொண்டாரா என்பதை அவருடைய போனிலேயே பார்த்து உறுதி செய்யுங்கள். அழைப்பு அனுப்பினால் மட்டும் போதாது, அவர் அதை ஏற்க வேண்டும்.

அடுத்தது, "கன்டின்யூ வித் ஃபேஸ்புக்" என்று அழுத்தி உள்ளே நுழைந்த மற்றச் செயலிகள். கேரம் விளையாட்டு போனால் பரவாயில்லை, ஆனால் வேலை தேடும் தளத்திலோ பொருள் வாங்கும் தளத்திலோ அப்படி நுழைந்திருந்தால், கணக்கு அழிந்தபின் அங்கே கதவு அடைபட்டுவிடும். செட்டிங்ஸில் 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்' என்ற இடத்தில் அந்தப் பட்டியல் கிடைக்கும். தேவையானவற்றில் ஒவ்வொன்றாக நுழைந்து, உங்கள் மின்னஞ்சலையும் தனிக் கடவுச்சொல்லையும் பதிவு செய்த பிறகு, பட்டியலிலிருந்து அவற்றை நீக்கிவிடுங்கள். விளம்பரம் போட்டவர்கள் பாக்கித் தொகையைக் கட்டி, இணைத்திருக்கும் கார்டையும் எடுத்துவிடுவது நல்லது.

படங்களைக் காப்பாற்றுவதில் அவசரப்படக் கூடாது. செட்டிங்ஸுக்குள் இருக்கும் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்' என்ற இடத்தில், 'யுவர் இன்ஃபர்மேஷன் அண்ட் பெர்மிஷன்ஸ்' என்ற பகுதிக்குள், உங்கள் தகவல்களை எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அங்கே மூன்று இடங்களில் கவனம் வேண்டும். கால அளவு கேட்கும் இடத்தில் 'ஆல் டைம்' என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பழைய படங்கள் விடுபட்டுப்போகலாம். படத்தின் தரம் கேட்கும் இடத்தில் உயர்தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோப்பின் வடிவம் கேட்கும்போது எச்.டி.எம்.எல். என்று கொடுத்தால், சாதாரண பிரௌசரிலேயே திறந்து பார்க்க முடியும். கோப்பு தயாரானதும் அறிவிப்பு வரும், சில நாட்களுக்கு மட்டுமே இறக்கிக்கொள்ள முடியும். பத்து வருடப் படங்கள் என்றால் பல ஜி.பி. இருக்கும் என்பதால், போனில் இடமில்லாதவர்கள் கணினியில் இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொள்ள வேண்டும். இறக்கியதோடு நின்றுவிடாமல், ஜிப் கோப்பை விரித்து, நடுவில் ஏதாவது ஒரு வருடத்தின் படங்களைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும் என்று என் கடைக்கு வருபவர்களிடம் கறாராகச் சொல்லிவிடுவேன்.

இப்போது பொத்தானுக்கு வருவோம். ஃபேஸ்புக்கில் மெனுவைத் திறந்து 'செட்டிங்ஸ் அண்ட் பிரைவசி', அதனுள் 'செட்டிங்ஸ்', அதனுள் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்', அங்கே 'பர்சனல் டீட்டெயில்ஸ்', பிறகு 'அக்கவுண்ட் ஓனர்ஷிப் அண்ட் கன்ட்ரோல்', கடைசியாக 'டீஆக்டிவேஷன் ஆர் டிலீஷன்' என்று போக வேண்டும். எந்தக் கணக்கு என்று கேட்கும்போது பெயரையும் படத்தையும் சரிபார்த்துத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் ஒரே சென்டரில் இணைந்திருந்தால் இரண்டும் அங்கே அடுத்தடுத்து நிற்கும். பிறகு 'டிலீட் அக்கவுண்ட்' என்பதைத் தொட்டதும் காரணம் கேட்பார்கள், முடக்கினால் போதாதா என்பார்கள், படங்களை எடுத்துக்கொண்டீர்களா என்பார்கள். புடவைக் கடை வாசலைத் தாண்டப் போகிறவரை "இன்னொண்ணு பாருங்கக்கா" என்று நிறுத்துவது போன்ற திரைகள் அவை. கடவுச்சொல்லைக் கொடுத்து உறுதி செய்யும் வரை கோரிக்கை பதிவாகாது, பாதியில் வெளியே வந்தால் ஒன்றும் நடந்திருக்காது. இன்ஸ்டாகிராமிலும் புரொஃபைலின் மேல்மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தொட்டு, இதே அக்கவுண்ட்ஸ் சென்டர் வழியாகத்தான் போக வேண்டும். இன்ஸ்டாகிராமை அழித்தால் அதனோடு பிறந்த திரெட்ஸ் கணக்கும் போய்விடும்.

எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் நேரடியான டிலீட் பொத்தான் இல்லை. 'யுவர் அக்கவுண்ட்' பகுதியில் டீஆக்டிவேட் செய்துவிட்டு, 30 நாட்கள் உள்ளே நுழையாமல் இருந்தால் அதுவே நீக்கமாக மாறும்.

வாட்ஸ்அப் தனி ரகம், அதில் அவகாசம் என்ற பேச்சே கிடையாது. செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்' பகுதிக்குள் 'டிலீட்' கொடுத்து, 91 என்ற நாட்டுக் குறியீட்டோடு எண்ணை உள்ளிட்டுவிட்டால், எல்லாக் குழுக்களிலிருந்தும் நீங்கி, உரையாடல்களும் அழிந்துவிடும், திரும்பப் பெற முடியாது. நீங்கள் முன்பு அனுப்பிய செய்திகள் மட்டும் மற்றவர் போனில் அப்படியே இருக்கும். சிம் மாற்றுவதற்காகக் கணக்கை அழிக்க வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது அதே இடத்தில் உள்ள 'சேஞ்ச் நம்பர்' என்ற வசதி மட்டுமே. யூடியூப் சேனலை எடுக்க நினைப்பவர்கள், கூகுள் கணக்கையே அழித்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கூகுள் கணக்கு போனால் ஜிமெயிலும் போகும், வங்கியிலும் வேலைக்கான விண்ணப்பத்திலும் கொடுத்திருக்கும் முகவரி பெரும்பாலும் அதுதான். யூடியூபை மட்டும் தனியாக நீக்கிக்கொள்ள வழி இருக்கிறது.

உள்ளேயே நுழைய முடியாதவர்களின் பாடுதான் பெரிது. 2018இல் ஏர்செல் சேவை நின்றுபோனபோது, எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளாமல் விட்டவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். காசிமேட்டில் கருவாடு வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர், இறந்துபோன கணவரோடு எடுத்த படங்கள் அந்நியர் கண்ணில் படுகின்றன என்று சொல்லிக் கணக்கை அழிக்கச் சொன்னார். நுழையப் பார்த்தால், நின்றுபோன பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. போகிறது. "அந்த நம்பர் இப்போ யார்கிட்ட இருக்கோ தம்பி" என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி, ஏனென்றால் பயன்பாட்டில் இல்லாத எண்ணைக் குறைந்தது 90 நாட்கள் வைத்திருந்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் பழைய போன் ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டேன். மறுநாள் மஞ்சள் பையில் சுற்றி, கண்ணாடி உடைந்த ஒரு போனைக் கொண்டுவந்தார். ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டு, கடை வைஃபையில் இணைத்துப் பார்த்தபோது, கணக்கு அதில் திறந்தபடியே இருந்தது. கடவுச்சொல் அவருடைய மகனுக்கு நினைவிருந்ததால், புதிய எண்ணைச் சேர்த்துப் பழைய எண்ணை எடுத்துவிட்டு, படங்களையும் பென்டிரைவில் போட்டுக்கொண்ட பிறகு அழித்தோம். முன்பு பயன்படுத்திய போனோ கணினியோ கிடைத்தால், கணக்கை மீட்கும் முயற்சியை அதிலிருந்தே தொடங்க வேண்டும். பழைய போனைப் பாத்திரக்காரருக்குப் போடும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரில் வேறொருவர் நடத்தும் போலிக் கணக்கு என்றால், அதை அழிக்கும் பொத்தான் உங்கள் கையில் இல்லை. அந்தப் புரொஃபைலில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ஆள்மாறாட்டம் என்ற காரணத்தோடு ரிப்போர்ட் செய்ய வேண்டும். அதற்கு முன் ஸ்கிரீன்ஷாட்டும் அந்தப் பக்கத்தின் லிங்கும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கணக்கு மறைந்தபின் காட்டுவதற்கு வேறு சாட்சி இருக்காது. பணம் பறிபோயிருந்தால், இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். இறந்தவரின் ஃபேஸ்புக் கணக்கை நீக்க, நெருங்கிய உறவினர் அதற்கென்று உள்ள படிவத்தில் மாநகராட்சி கொடுத்த இறப்புச் சான்றிதழை இணைத்து விண்ணப்பிக்கலாம். நினைவுப் பக்கமாக மாற்றி வைக்கும் வழியும் உண்டு, முடிவெடுக்கும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கலந்து பேசிவிடுங்கள்.

டிலீட் கொடுத்த பிறகு வரும் 30 நாட்களில் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை, ஆனால் பலரும் தோற்பது அங்கேதான். யாரோ லைக் போட்டதாக நண்பர் சொன்னார் என்று ஒருமுறை எட்டிப் பார்க்கப் போவார்கள், 'கேன்சல் டிலீஷன்' என்ற பொத்தான் முன்னே வந்து நிற்கும், என்ன ஏது என்று படிக்காமல் விரல் அதை அழுத்திவிடும், முப்பது நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே கோரிக்கை கொடுத்த அன்றே, எல்லாப் போன்களிலும் செயலியை எடுத்துவிட்டு, பிரௌசரில் சேமித்து வைத்த கடவுச்சொல்லையும் அழித்துவிடுங்கள். செயலியைத் தூக்குவதற்கு உரிய நேரம் இதுதான். வீட்டில் பிள்ளைகள் உங்கள் கணக்கைப் பயன்படுத்துகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு மறைந்துவிட்டாலும் சில தகவல்கள் உடனே போய்விடுவதில்லை. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பதிவு செய்யும்போது நீங்கள் கொடுத்த விவரங்களை, கணக்கை விலக்கிக்கொண்ட பிறகும் 180 நாட்கள் நிறுவனம் வைத்திருக்க வேண்டும். பொதுமக்கள் கண்ணுக்கு அவை தெரியாது என்பதால் அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியக்கூடியவை மற்றவர்கள் ஏற்றிய படங்கள்தான். தங்கையின் கல்யாணத்தில் சித்தப்பா மகன் எடுத்துப் போட்ட படத்தில் நீங்கள் இருந்தால், அது அவனுடைய கணக்கில் இருக்கும் வரை இருக்கும், அவனிடம்தான் சொல்லி எடுக்க வேண்டும்.

முப்பத்தைந்தாவது நாள் வாக்கில், உங்கள் நண்பர் பட்டியலில் இருந்த ஒருவருடைய போனை வாங்கி, உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். அங்கே இல்லாமல், கூகுள் தேடலில் மட்டும் பழைய பக்கத்தின் பெயரும் படமும் வந்தால், காலாவதியான முடிவுகளைப் புதுப்பிக்கக் கூகுள் வைத்திருக்கும் படிவத்தில் அந்த லிங்கைக் கொடுக்கலாம். நண்பரின் போனிலேயே உங்கள் பக்கம் படத்தோடு திறக்கிறது என்றால், இடையில் யாரோ உள்ளே போய் நீக்கத்தை ரத்து செய்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது முதலில் கடவுச்சொல்லை மாற்றி, எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு, அதன் பிறகு கோரிக்கையைப் புதிதாகக் கொடுங்கள்.