ஆய்விதழின் சிறப்பிதழுக்குப் பொறுப்பாசிரியர் ஆகிறீர்களா?

ஓர் ஆய்விதழ் உங்களைச் சிறப்பிதழ் பொறுப்பாசிரியராக அழைத்தால், சரி என்று சொல்லுமுன் கட்டுரைகளை ஏற்பதா மறுப்பதா என்ற கடைசி முடிவு யார் கையில் என்பதை முதன்மை ஆசிரியரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுரையையோ உங்கள் மாணவருடையதையோ நீங்களே கையாளவே கூடாது, வேறொருவர் பார்க்கட்டும். ஹிந்தாவி பதிப்பகம் 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றதே, அதில் பெரும்பகுதி சிறப்பிதழ்களில் வந்தவைதான். கட்டுரையை வேறு ஆய்வாளர்கள் படித்துத் தரம் சொல்லும் மதிப்பீட்டிலேயே தில்லுமுல்லு நடந்திருந்தது.

கட்டுரை அழைப்பைக் கேள்வியாக எழுதுங்கள். ‘சிங்கப்பூரில் தமிழ்’ என்று போட்டால் கையில் கிடைத்ததையெல்லாம் அனுப்புவார்கள். ‘1935இல் தொடங்கிய தமிழ் முரசு பத்திரிகை இங்குள்ள தமிழர்களை எப்படி ஒன்றுசேர்த்தது?’ என்று கேட்டுப் பாருங்கள், அந்தக் கேள்விக்கென்றே யோசித்து எழுதுவார்கள். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் முரசின் பழைய இதழ்களைத் தேடலாம் என்பதையும் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள், வெளியூர்க்காரர்களுக்கு உதவும்.

நிஜமான சிரமம் மதிப்பீட்டாளர்களைப் பிடிப்பதில்தான். சிங்கப்பூரில் தமிழாய்வு செய்பவர்கள் ஒருவரையொருவர் நன்றாகவே அறிவார்கள், மதிப்பீட்டாளருக்குத் தெரியக்கூடாதென்று கட்டுரையாளர் பெயரை எடுத்துவிட்டாலும் யார் எழுதியது என்று இரண்டாம் பக்கத்திலேயே பிடிபட்டுவிடும். அதனால் கட்டுரைக்கு ஒருவரையாவது கோலாலம்பூர், சென்னை, யாழ்ப்பாணம் என்று வெளியே தேடுங்கள். கோப்பை அனுப்புமுன் வரிவரியாகப் பாருங்கள்: ‘தெம்பனிஸ் தொடக்கப்பள்ளியில் நான் கற்பித்த ஆண்டுகளில்’, ‘எனது முந்தைய கட்டுரையில்’ என்று எங்காவது இருக்கும், அடிக்குறிப்பில் மனைவிக்கு நன்றிகூட இருக்கும், அப்புறம் வேர்ட் கோப்பின் பண்புகளில் எழுதியவர் பெயர் அப்படியே கிடக்கும். எல்லாவற்றையும் நீக்குங்கள்.

கெடு வைக்கும்போது இங்குள்ள பல்கலைக்கழக நாட்காட்டியைப் பாருங்கள். நவம்பர் கடைசியிலும் ஏப்ரல் கடைசியிலும் தேர்வுத்தாள் திருத்துகிறவரிடம் மதிப்பீடு கேட்டால் வராது. டிசம்பர் விடுமுறையில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள்.

இரண்டு மதிப்பீடுகளும் முரண்பட்டு வந்தால் அப்படியே கட்டுரையாளருக்குத் தள்ளிவிடாதீர்கள், இதுதான் நான் அடிக்கடி பார்க்கிற அநியாயம். ஒருவர் கோட்பாட்டுப் பகுதியை வெட்டச் சொல்வார், இன்னொருவர் விரிக்கச் சொல்வார், முதல் கட்டுரை எழுதும் முனைவர் பட்ட மாணவர் என்னதான் செய்வார்? எதைக் கட்டாயம் மாற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம், எதற்குக் காரணம் சொல்லி மறுக்கலாம் என்று நீங்களே உங்கள் கடிதத்தில் பிரித்து எழுதுங்கள். கட்டுரையை மறுப்பதானாலும், அதில் எந்தப் பகுதி தேறும், அதை வேறெங்கே அனுப்பலாம் என்று இரண்டு வரி சேருங்கள்.

முன்னுரையை மட்டும் எல்லாக் கட்டுரைகளும் இறுதியான பிறகே தொடங்குங்கள், திருத்தத்தில் முடிவுகளே மாறியிருக்கும்.