பள்ளித் தோட்டக் கோழிக் கொட்டகையில் ரத்தக் கழிச்சலை நிறுத்திய விதம்

எங்கள் ஊர்ப் பள்ளியின் காய்கறித் தோட்டத்தையொட்டி மாணவர்கள் வளர்த்த நாட்டுக்கோழிக் குஞ்சுகள், ஐப்பசி அடைமழையில் 4 வார வயதை எட்டியபோது, இறக்கை தொங்க மூலையில் ஒடுங்கி, ரத்தம் கலந்து கழியத் தொடங்கின. கால்நடை மருத்துவர் எச்சத்தைப் பரிசோதித்து ரத்தக் கழிச்சல் என்று உறுதி செய்து, குடிநீரில் கலக்க ஆம்ப்ரோலியம் கொடுத்தார். மருந்து அப்போதைக்குக் காப்பாற்றும். ஆனால் இந்நோயை உண்டாக்கும் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியின், எச்சத்தோடு வெளியேறும் முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாட்களிலேயே தொற்றும் நிலையை அடைந்துவிடுவதால், கொட்டகைத் தரையில் பரப்பிய கூளம் உலராமல் நோய் அகலாது.

நெல் உமிக் கூளத்தைக் கைப்பிடியளவு அள்ளி அழுத்திப் பார்த்தேன். தண்ணீர்க் கலத்தைச் சுற்றி அது கொழுக்கட்டைபோல் பிடிபட்டது, சாரலால் நனைந்திருக்கும் என்று நினைத்த சுவரோரத்திலோ பொலபொலவென்று உதிர்ந்தது. ஆகவே கலத்தைச் செங்கல் மேல் ஏற்றி, அதன் விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்திற்கு வரும்படி வைத்தோம். குஞ்சுகள் வளர வளரச் செங்கல்லும் கூடியது. கட்டி தட்டிய உமியை அகற்றிப் புது உமி பரப்பினோம். தினமும் காலையில் கிளறிவிடுவதை மாணவர்கள் முறைவைத்து ஏற்றார்கள். சிலர் பரிந்துரைத்த சுண்ணாம்புத் தூள் ஈரத்தை இழுக்குமே தவிர, அந்த முட்டைகளை அழிப்பதற்கு நம்பத்தக்கதன்று. அகற்றிய கூளத்தை நன்கு மட்கவைத்த பிறகே கீரைப் பாத்திக்குக் கொண்டுபோனோம். அடுத்த தொகுதிக் குஞ்சுகளில் ரத்தக் கழிச்சல் தலைகாட்டவில்லை.